சர்க்கரை உள்ளவர்கள் நடக்கத் தொடங்குமுன்: பாதத்தைக் கவனிக்கும் முறை

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, நடுவில் 2 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. இதை மருத்துவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அந்த நடையைப் பாதம் தாங்குமா என்று பார்க்கும் வேலை நம்முடையது. எனக்குப் பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது ஷூ. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

படி 1: உணர்ச்சி இருக்கிறதா?

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு நொடி லேசாகத் தொடட்டும். அழுத்தக் கூடாது. 6 தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், நடையைத் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 2: ஷூ

நரம்பு மரத்த காலுக்குச் சரியான அளவு ஷூ தொளதொளவென்று தோன்றும், இறுக்கமானதுதான் கச்சிதமாகப் படும். ஆகவே கால் சொல்வதை நம்பாமல் அளந்து வாங்குங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வெள்ளைத்தாளில் எழுந்து நின்று இரண்டு பாதங்களையும் வரைந்துகொள்ளுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அகலம் குறைந்துவிடும். கடையில் ஷூவின் உள்தட்டை உருவி அந்தப் படத்தின்மேல் வையுங்கள். கோடு எங்கும் வெளியே தெரியக் கூடாது, நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் வேண்டும். உள்தட்டைக் கழற்ற முடியாத ஷூவை நான் வாங்குவதே இல்லை. புது ஷூவை முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சாக்ஸ் வெளிர் நிறத்தில் இருக்கட்டும். ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும்.

படி 3: கிளம்பும்போது

ஷூவுக்குள் கையை விட்டுத் தடவுங்கள், சிறு கல்கூட வலிக்காமலே புண்ணாக்கிவிடும். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ (கிளிமெபிரைடு போல, உடலை இன்சுலின் சுரக்கவைக்கும் வகை) எடுப்பவர்கள் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு நடங்கள். 90-க்குக் கீழே இருந்தால் முதலில் கொஞ்சம் மாவுச்சத்து.

படி 4: திரும்பியதும்

பாதத்தைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடையுங்கள். க்ரீம் மற்ற இடங்களுக்கு மட்டும், இடுக்கில் வேண்டாம். அப்புறம் அடிப்பாதம், குதிகால், இடுக்குகள் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

பின்னர் சேர்த்தது: குனிய முடியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் செல்பேசியில் படமெடுப்பதே மேல், நேற்றைய படத்தோடு ஒப்பிட முடியும்.

இன்னொருவர், ஏற்கெனவே புண் இருந்தால் நடக்கலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. ஆறும்வரை மருத்துவரைக் கேட்டு, நாற்காலியில் அமர்ந்தபடி கைகளுக்கான பயிற்சி செய்யுங்கள். வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகி, சிவந்து, வீங்கினாலும் நடக்காதீர்கள். எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.