தாத்தா கைலியும் நாலுமூலை காசும்: பழசப் போட்டுக்கிறது எப்படி

இந்த சட்டை எங்க வாங்குனீங்கன்னு இங்க மலேசியா பினாங்குல ஆபீஸ்ல ஆள் மாத்தி ஆள் கேக்குறாங்க. வாங்கலலா, இது கைலி. வீட்டுல அப்பா கட்டிக்கிட்டு டிவி பாப்பாரே, அதே கட்டம் போட்ட கைலிதான். மொதநாள் போட்டுக்கிட்டு கிளம்பினப்ப அம்மா வாசல்லயே மறிச்சு "கைலிய கிழிச்சு போட்டுக்கிட்டு வேலைக்கா போற"ன்னு கேட்டாங்க, இப்ப அவங்களே ரெண்டாவது ஒண்ணு தைக்கச் சொல்றாங்க, அது தனி கதை.

இதுல எனக்கு பைத்தியம் புடிச்சதுக்கு காரணம் அந்தப் பேருதான். மலாய்க்காரங்க இத காயின் பெலிகாட்னு சொல்வாங்க இல்லையா, மலாய்ல காயின்னா துணி, அந்த பெலிகாட் வேற எதுவும் இல்ல, நம்ம பழவேற்காடு. சென்னைக்கு வடக்க ஏரி ஓரமா இருக்குற ஊரு. டச்சுக்காரன் 1613ல அங்க கெல்ட்ரியான்னு ஒரு கோட்டைய கட்டி உக்காந்தான், எதுக்குன்னா துணி. இந்தப் பக்கத்து தீவுகள்ல ஜாதிக்கா கிராம்பு வாங்கணும்னா சோழமண்டலக் கரைத் துணிய எறக்கணும், அதுக்குத்தான் இங்க மவுசு. பழவேற்காடு வெள்ளக்காரன் வாயில புலிகாட் ஆச்சு, மலாய்ல பெலிகாட் ஆச்சு. அவங்க வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அத மடிப்பு கலையாம கட்டிக்கிட்டு போறாங்க, நாம தூங்குறப்ப மட்டும் கட்டுறோம்.

சரி, தைக்கிற விஷயத்துக்கு வர்றேன்.

மொதல்ல ஒண்ணு, தாத்தா கைலிய வெட்டாதீங்க. எங்க தாத்தா பட்டர்வொர்த் ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு, அவரோட நீலக் கட்டம் போட்ட கைலி ஒண்ணு இருக்கு, உக்காந்து உக்காந்து பின்பக்கம் வெங்காயத் தோல் மாதிரி மெலிஞ்சு போச்சு. அத தைக்கக் குடுத்தா ஊசி போட்ட எடத்துலயே கிழியும். அத போட்டோ எடுத்துக்கிட்டு லெபுஹ் பசார், லெபுஹ் பினாங் பக்கம் லிட்டில் இந்தியா கடைங்கள்ல ஏறி எறங்குங்க, அதே கட்டத்துல புதுசு கெடைக்கும். இந்தியா சரக்கும் இருக்கும், இந்தோனேசியாவுலருந்து வர்ற காஜா டுடுக் மாதிரி பிராண்டும் இருக்கும். காட்டனான்னு மட்டும் பாருங்க, பாலியெஸ்டர் கலந்தது நம்ம வெயிலுக்கு சட்டையா போட்டா வேர்த்து ஊத்திடும்.

வாங்குன உடனே டைலர்கிட்ட ஓடாதீங்க. வெள்ளக் கைக்குட்டைய நனைச்சு துணி மேல நல்லா தேச்சுப் பாருங்க, சாயம் ஒட்டுச்சுன்னா அத தனியாத்தான் தொவைக்கணும். உப்பு போட்டு ஊறவச்சா சாயம் நிக்கும்னு எல்லா அம்மாவும் சொல்வாங்க, நானும் ஒரு பாக்கெட் உப்பு காலி பண்ணிப் பாத்துட்டேன், தண்ணி நீலமாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவ சும்மா தண்ணியில ஊறவச்சு அலசி நிழல்ல காயப்போடுங்க, சுருங்குறது எல்லாம் வெட்டுறதுக்கு முன்னாடியே சுருங்கிடணும். நான் மொத சட்டைய ஊறவைக்காம தச்சேன், ரெண்டு தொவையல்ல அது என் தங்கச்சி சைஸுக்கு வந்துடுச்சு.

அப்புறம் கைலியோட மூட்டுத் தையல பிரிச்சா கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் நீளத்துக்கு துணி விரியும், அரைக்கை சட்டைக்கு தாராளம். விரிச்சுப் பாருங்க, ஒரு எடத்துல மட்டும் கட்டம் மாறி நெருக்கமா, நெறம் கூடி இருக்கும், அதத்தான் கெப்பாலா, தலைன்னு சொல்றது. இந்தத் தலைய எங்க வைக்கிறதுங்குறதுலதான் சட்டையே இருக்கு. டைலர் இஷ்டத்துக்கு விட்டா ஒரு கைக்கு பாதி, பாக்கெட்டுக்கு மீதின்னு சிதறிடும், எனக்கு ஒருத்தரு அப்படித்தான் பண்ணாரு, ஒட்டுப் போட்ட மாதிரி இருந்துச்சு. அதனால பக்கத்துலயே நின்னு சாக்பீஸ்ல கோடு போடச் சொல்லி, தலைய முதுகுல நடுவுல நேரா வர்ற மாதிரி வைங்க. முன்பக்கம் பட்டன் பட்டியில ரெண்டு பக்கத்து கட்டமும் ஒண்ணா சேரணும், பாக்கெட் சட்டையோட கட்டத்துலயே மறைஞ்சு போகணும். "அண்ணே கட்டம் சேத்து தைங்க, துணி கூட போனாலும் பரவால்ல"ன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. கூலிய முன்னாடியே பேசிக்குங்க, கட்டம் சேக்குறதுக்கு சிலபேரு கூட கேப்பாங்க, அது நியாயம்தான். காலருக்கு கெட்டி கேன்வாஸ் வேணாம், மெல்லிசு போதும்.

போடுறப்ப கீழ பிளெய்னா ஏதாவது, கறுப்போ காக்கியோ. அவ்வளவுதான்.

கழுத்துக்கு என்கிட்ட ஒரு நாலுமூலை காசு இருக்கு. சிட்டி ஸ்டேடியம் பக்கத்துல லோரோங் கூலிட்ல காலையில பழைய சாமான் சந்தை போடுவாங்க, ரோப் வாக்ல இருந்த சந்தைதான் அங்க மாறிப் போச்சு, அங்க ஒரு பிஸ்கட் டின்னுல கெடந்துச்சு. மூல மழுங்குன சதுரம், ஜார்ஜ் மன்னர் தலை, மலாயா ஒரு காசு, வருஷம் 1943. வருஷத்தப் பாருங்க. 1941 டிசம்பர்லருந்து 1945 செப்டம்பர் வரைக்கும் பினாங்கு ஜப்பான்காரன் கையில இருந்துச்சு, இங்க ஓடுனது ஜப்பான்காரன் அடிச்ச வாழமர நோட்டு. வெள்ளக்காரன் ஊரே கையில இல்லாதப்ப அந்த ஊருக்கு காசு அடிச்சு வச்சிருக்கான். இத பாட்டிகிட்ட காட்டுனப்பதான் அவங்க மரவள்ளிக்கெழங்கு தின்ன கதையெல்லாம் வாயத் தொறந்து சொன்னாங்க, அதுவரைக்கும் கேட்டா "அதெல்லாம் எதுக்கு இப்ப"ம்பாங்க. காசுல ஓட்ட போடாதீங்க, நகைக்கடையில சொல்லி சுத்தி ஒரு விளிம்பு கட்டி கொக்கி வச்சுக்குங்க. வெண்கலக் காசு, வேர்வை பட்டா கழுத்து பச்சையாகும், பின்பக்கம் மட்டும் கலரில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட்டிங் அடிச்சா நிக்கும். காசு சேக்குற ஆளுங்க பாத்தா திட்டுவாங்க, திட்டட்டும்.

சீலைக்கு குரோசாங். நோன்யாங்க, அதான் இங்கத்த பெரானாக்கான் சீனப் பொம்பளைங்க, கெபாயாங்குற அவங்க மேல்சட்டையில பட்டனுக்கு பதிலா குத்துற புரோச்சு, பெருசு ஒண்ணு தாய், சின்னது ரெண்டு பிள்ளைங்க, மூணையும் சங்கிலி சேத்திருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி லெபுஹ் கெரேஜாவுல இருக்குற பினாங் பெரானாக்கான் மேன்ஷன்ல போயி பழசு எப்படி இருக்கும்னு கண்ணால பாத்துட்டு வாங்க, அப்பத்தான் கடைக்காரர் சொல்றதெல்லாம் நம்ப மாட்டீங்க. தோள் மடிப்புல பெருச மட்டும் குத்துனா போதும். ஊசி தடியா இருக்கும், பட்டுல நேரா குத்துனா இழை அறுந்துடும், அதனால உள்பக்கம் பிளவுஸோட சேத்து ஒரு சின்ன துணித்துண்டு வச்சு குத்துங்க.

கைலி, காசு, குரோசாங் மூணையும் ஒரே நாள்ல போடாதீங்க. நான் ஒரு கல்யாணத்துக்கு அப்படிப் போயி, சித்தி ஒருத்தங்க "ஏதும் நாடகமா"ன்னு கேட்டாங்க. ஆர்மேனியன் ஸ்ட்ரீட் சைக்கிள் சுவர்ப் படத்துக்கு முன்னாடி வாடகை உடுப்புல நிக்கிற டூரிஸ்ட் மாதிரிதான் இருந்திருக்கும், இப்ப போட்டோவ பாத்தா எனக்கே தெரியுது. ஒரு நாளைக்கு ஒண்ணு, யாராவது கேட்டா அந்த ஒண்ணப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசத் தெரிஞ்சிருக்கணும்.

சட்டை போக மிஞ்சுற துணிய டைலர்கிட்ட மறக்காம கேட்டு வாங்குங்க. என்னோடதுல ரெண்டு கைக்குட்டையும் ஒரு சின்ன சுருக்குப்பையும் வந்துச்சு. பையில காஞ்ச வேப்பிலையும் கிராம்பும் போட்டு தாத்தா கைலி மடிப்புக்கு நடுவுல வச்சிருக்கேன், பூச்சி வரல.