பின்லாந்து நட்புச் சங்கத்தில் நிகழ்ச்சி நடத்துகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் ஆங்கிலோ-பின்னிஷ் சொசைட்டி தொடங்கியது 1911-ல். பின்லாந்து தனி நாடாவதற்கு அப்போது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. ஜெர்மனியில் 1952 முதல் இதேபோன்ற ஒரு சங்கம் இயங்குகிறது. இந்த வகைச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்நாட்டில் குடியேறிய பின்லாந்துக்காரர்கள், அவர்களை மணந்தவர்கள், ஹெல்சிங்கியில் படித்தவர்கள் அல்லது வேலை பார்த்தவர்கள், பின்லாந்து இசையமைப்பாளர் சிபெலியுஸின் இசையில் பைத்தியமானவர்கள். செயற்குழுவில் நான்கைந்து பேர் சம்பளமில்லாமல் ஓடுவார்கள். அப்படி ஓடுபவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. எந்தச் சங்கத்தின் மீதும் புகார் சொல்ல வரவில்லை. உதாரணங்கள் பெரும்பாலும் லண்டனை ஒட்டியவை.

என் கணக்கில் முதல் தவறு, மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு, இரண்டாவது நாட்டை, அதாவது சங்கம் இயங்கும் நாட்டை, மறந்துவிடுவது. வெளிநாட்டில் வாழும் பின்லாந்துக்காரர்களைக் கவனிக்க 1927-லிருந்தே சுவோமி-செயுரா என்ற அமைப்பு இருக்கிறது. பனி, வடதுருவ ஒளி, மரவீடு ஆகியவற்றைக் காட்டச் சுற்றுலாத் துறை இருக்கிறது. நட்புச் சங்கத்துக்கென்று மிஞ்சுவது இரு நாடுகளுக்கும் நடுவில் நடந்த கதை. 'உலகின் மகிழ்ச்சியான நாடு' என்று தலைப்பு வைத்தால் அரங்கம் நிறையத்தான் செய்யும். வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதமும் வருவார்கள் என்று பாருங்கள்.

நடுவில் நடந்த கதைக்கு லண்டனில் பஞ்சமே இல்லை. 1820-ல் தாம்பெரே நகரில் ஆலை தொடங்கி, அந்த ஊரையே தொழில் நகரமாக்க வழிவகுத்த ஜேம்ஸ் ஃபின்லேசன் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1854-ல் பின்லாந்தின் ஓலந்து தீவிலிருந்த பொமார்சுந்த் கோட்டையைத் தகர்த்தவை பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள். 1905-ல் முதன்முறையாக இங்கிலாந்து வந்த சிபெலியுஸ், தம் மூன்றாம் சிம்பொனியை கிரான்வில் பாண்டாக் என்ற ஆங்கில இசையமைப்பாளருக்குக் காணிக்கையாக்கினார். மூமின் என்ற கற்பனைப் பூதங்களின் தினசரிச் சித்திரத் தொடர் 1954-ல் தொடங்கியது ஹெல்சிங்கியில் அல்ல, லண்டனின் மாலைப் பத்திரிகை ஒன்றில். பின்லாந்துப் பெண்கள் 1906-லேயே வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் பெற்றார்கள், மறு ஆண்டு 19 பேர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். பிரிட்டனில் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை கிடைக்க 1928 ஆனது. இவை ஒவ்வொன்றும் ஒரு மாலைக்குப் போதும்.

பேச்சாளரைத் தேடும்போதும் வலையை அகலமாக வீசலாம். பின்லாந்து அறிஞர் என்றால் கல்வித்துறையோ கைபேசியோதான் பேசவேண்டும் என்று விதியில்லை. சிந்துவெளி எழுத்தில் வாழ்நாளைச் செலவிட்ட அஸ்கோ பர்ப்போலா ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்துக்காரர். 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டில் அவருக்கு விருது கொடுத்ததை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்போம். அத்தகைய ஆய்வு மரபு பின்லாந்தில் எப்படி வளர்ந்தது என்பதும் நல்ல தலைப்புதான்.

டிசம்பர் 6

ஆண்டு நிகழ்ச்சிகளில் பெரியது சுதந்திர தினம். அதிகம் சறுக்குவதும் அங்கேதான். சுதந்திர தினம் என்றதும் வாணவேடிக்கை, ஆட்டம் பாட்டு என்று திட்டமிடுகிறவர்கள் உண்டு. பின்லாந்தில் அந்த நாள் அடங்கிய நாள். போரில் இறந்தவர்களின் கல்லறைக்கு மலர்வளையம், தேவாலய வழிபாடு, மாணவர்களின் தீப்பந்த ஊர்வலம், மாலை ஆறு மணிக்குச் சன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி. இரவில் குடியரசுத் தலைவர் மாளிகை வரவேற்பைத் தொலைக்காட்சியில் பார்த்து, யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று விமர்சிப்பது தேசியப் பொழுதுபோக்கு. ஹெல்சிங்கி லண்டனைவிட இரண்டு மணிநேரம் முன்னால் இருக்கிறது. உங்கள் கூட்டம் அந்த ஒளிபரப்போடு மோதினால், கூட்டத்துக்கு வந்தவர்களும் மேசைக்கடியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தூதரகத்தின் வரவேற்பு எந்த நேரம் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் வேறொரு நாள் வைப்பதில் யாருக்கும் மனவருத்தம் வராது.

லண்டனில் இன்னொரு சிக்கல் உண்டு. 1941-ல் பிரிட்டன் பின்லாந்தின் மீது அறிவித்த போர் தொடங்கியது இதே டிசம்பர் 6-ல். 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை உள்ளே புகுந்தபோது பின்லாந்துக்காகப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் உருகின. இரண்டே ஆண்டில், பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத்தை எதிர்த்தபோது, ஸ்டாலினின் வற்புறுத்தலால் நிலைமை தலைகீழானது. முறையான சமாதானம் 1947-ல் பாரிஸில் கையெழுத்தானது. மேடையில் 'என்றென்றும் நண்பர்கள்' என்று பேசும் ஒருவரை அரங்கில் உள்ள எழுபது வயதுக்காரர் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார். ஜெர்மன் நகரமொன்றில் நடத்துகிறீர்கள் என்றால் கதை வேறு: அங்கே தோழமையாய்த் தொடங்கியது, 1944-ல் பின்வாங்கும் ஜெர்மன் படை பின்லாந்தின் ரொவானியமி நகரை எரித்ததில் போய் முடிந்தது. இவற்றை மறைக்காமல் பேச்சின் நடுவிலேயே வைத்தால் கூட்டம் உயிர் பெறும். ஒளித்து வைத்தால் கேள்வி நேரத்தில் கசப்பாக வெளியே வரும்.

1918 உள்நாட்டுப் போர் அதைவிட நுட்பமானது. சிவப்பு அணி, வெள்ளை அணி என்று பிரிந்து சண்டையிட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அதைத் தலைப்பாக எடுக்கலாம், ஆனால் வரலாற்றாசிரியரிடம் கொடுங்கள். ஆர்வமுள்ள உறுப்பினரின் அரைமணிநேர உரைக்கு அது ஏற்றதல்ல.

பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிபெலியுஸின் 'பின்லாந்தியா'வைத் தேசிய கீதம் என்று அறிவிப்பது அடிக்கடி நடக்கிறது. தேசிய கீதம் 'மாமே'. அதற்கு மெட்டமைத்த பாசியுஸ் ஹாம்பர்கில் பிறந்தவர். எழுதிய ருனபெரியின் மொழி ஸ்வீடிஷ். எஸ்தோனியாவின் கீதத்துக்கும் இதே மெட்டு என்பதால், எஸ்தோனிய விருந்தினர் யாராவது சேர்ந்து பாடினால் வியக்க வேண்டாம்.

ஸ்வீடிஷ் பேசும் பின்லாந்து

சிபெலியுஸின் தாய்மொழி ஸ்வீடிஷ். மூமின்களைப் படைத்த தூவே யான்சன் எழுதியதும் ஸ்வீடிஷில். இன்று அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான், ஆனால் அது நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. அழைப்பிதழிலும் வரவேற்பிலும் பின்னிஷ் மட்டும் இருந்தால் அவர்கள் வாய்விட்டுக் குறை சொல்லமாட்டார்கள், மெல்ல வராமல் போவார்கள். அதேபோல் முழுக்கப் பின்னிஷில் கூட்டம் நடத்தினால், பதினைந்து வருடமாக மனைவியோடு வந்துகொண்டிருக்கும் ஆங்கிலேயக் கணவர் கோட்டுகளுக்குக் காவல் இருப்பவராகிவிடுவார். உரை உள்ளூர் மொழியில், வரவேற்பு மூன்றிலும் இரண்டு வரி. இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

கேள்வி நேரத்து மௌனம்

நம்மூர் மேடைப் பழக்கத்தோடு போகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். பின்லாந்துக்காரர்கள் ஏழு மணி என்றால் ஆறு ஐம்பதுக்கு வருவார்கள். ஏழு இருபதுக்குத் தொடங்குவதை அவர்கள் மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். பேச்சாளரைப் பத்து நிமிடம் புகழ்ந்து அறிமுகம் செய்தால் அவர் நெளிவார். பொன்னாடை போர்த்தினால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாது. பெயரும் துறையும், இன்று எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதும் போதும். பெயரை மட்டும் முன்பே அவரிடமே கேட்டுச் சொல்லிப் பழகுங்கள். முதல் அசையில் அழுத்தம் விழவேண்டும், குறில் நெடில் மாறக்கூடாது.

உரை முடிந்ததும் மௌனம் விழும். பத்து நொடி, சில சமயம் அதற்கும் மேல். தலைவர் பதறிப்போய், 'கேள்வி ஏதும் இல்லை போலிருக்கிறது, நன்றி' என்று முடித்துவிடுவார். நான் பார்த்தவரை நல்ல கூட்டங்கள் பாதி வழியில் செத்துப்போவது இப்படித்தான். அந்த மௌனத்தில் அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். பேசுபவரின் வாக்கியத்தைப் பாதியில் வெட்டிக்கொண்டு நுழைவது அவர்கள் வழக்கமல்ல. தலைவர் கையில் ஒரு கேள்வி தயாராக இருக்கட்டும், அதைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கட்டும். இன்னும் நல்ல வழி, உரை முடிந்ததும் காபி கொடுத்துவிட்டுப் பிறகு கேள்வி நேரம் வைப்பது. கோப்பை கையில் வந்தபின் பேச்சு தானாக வரும்.

அது காபியாகவே இருக்கட்டும். லண்டனில் தேநீர் மட்டும் வைத்து முடித்துவிடும் கூட்டங்கள் உண்டு. தலைக்கு அதிகக் காபி குடிக்கும் நாடுகளில் பின்லாந்துக்கு எப்போதும் முன்வரிசை. இளவறுப்புக் காபி, ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டி, முட்டை வெண்ணெயோடு கரேலியப் பணியாரம், இவை இருந்தால் போதும். லாக்டோஸ் இல்லாதது, குளூட்டன் இல்லாதது என்று சீட்டு எழுதி வையுங்கள். பின்லாந்தில் கடைகளும் உணவகங்களும் இதை வழக்கமாகச் செய்வதால் இங்கேயும் எதிர்பார்ப்பார்கள்.

யாருடைய பாட்டு, யாருடைய உடை

பிப்ரவரி 28, பின்லாந்தின் தேசியக் காப்பியமான கலேவலாவின் நாள். எலியாஸ் லேன்ரோட் என்ற மருத்துவர் 1835-ல் முதல் பதிப்பையும், 1849-ல் 50 பாடல்களும் 22,795 அடிகளும் கொண்ட விரிவான பதிப்பையும் கொண்டுவந்தார். கூட்டங்களில் இதை அப்படியே கிடைத்த பழங்காப்பியம் என்று சொல்லிவிடுவார்கள். லேன்ரோட் நாட்டுப்புறப் பாடல்களைத் தேர்ந்து, கோத்து, இடைவெளிகளை நிரப்பி ஒரே கதையாக்கினார். பாடிக் கொடுத்தவர்களில் பலர், அர்ஹிப்பா பெர்த்துனனைப் போல, இன்று ரஷ்யாவில் இருக்கும் கரேலியப் பகுதியினர். அவர்கள் பெயரைச் சொல்லாத கலேவலா மாலை அரைகுறை மாலை. வெறும் உரையாக முடிக்காமல் காந்தெலே என்ற நரம்பிசைக் கருவி வாசிப்பவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அது பாடப்பட்ட பாட்டு.

லாப்லாந்து நிகழ்ச்சிகளில் வடபகுதிப் பழங்குடியினரான சாமி மக்களின் பெயரில், சிவப்பு நீலத் துணியில் 'சாமி உடை' தைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டு மேடையேற்றுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாமி மக்களின் கக்தி என்ற உடை, அணிபவரின் ஊரையும் குடும்பத்தையும் சொல்வது. சுற்றுலாவுக்காக அதைப் போலி செய்வதற்கு அவர்கள் நெடுங்காலமாக எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். 'லாப்' என்று அவர்களைக் குறிப்பிடுவதும் புண்படுத்தும். பிப்ரவரி 6 அவர்களுடைய தேசிய நாள், அன்று அவர்களில் ஒருவரையே பேச அழைக்கலாம்.

லண்டனில் ராதர்ஹைத் பகுதியிலுள்ள பின்லாந்துத் தேவாலயத்தில் (கட்டடம் 1958-ல் எழுந்தது) சவுனா என்ற வெப்பக் குளியலறை இருக்கிறது. இப்படி எங்காவது சவுனா மாலை ஏற்பாடு செய்தால், ஆண்களுக்கு எந்த நேரம், பெண்களுக்கு எந்த நேரம், நீச்சலுடை உண்டா இல்லையா என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். வாசலில் வைத்து விளக்குவது எல்லோருக்கும் சங்கடம்.

ஜூன் கடைசியில் மிட்சம்மர் என்ற கோடை விழா வந்ததும் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஜூலையில் கூட்டம் போட்டால் செயற்குழு மட்டும்தான் உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக, சட்டம். சிங்கச் சின்னம் உள்ள பின்லாந்துக் கொடி அரசுக்குரியது. சங்கங்கள் சின்னமில்லாத நீலச் சிலுவைக் கொடியைத்தான் ஏற்றவேண்டும். வாங்கி வைத்த குறுந்தட்டைப் போட்டுப் படம் காட்டுவது பொதுத் திரையிடல், அதற்குத் தனி உரிமம் வேண்டும். சிபெலியுஸ் பழையவர்தானே என்று நினைக்காதீர்கள். அவர் 1957-ல் இறந்ததால் பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2027 முடியும்வரை அவர் இசைக்குப் பதிப்புரிமை உண்டு. 'பின்லாந்தியா' பாட்டுக்குப் பின்னிஷ் வரிகள் எழுதிய கொஸ்கென்னியமி 1962-ல்தான் இறந்தார். அரங்க உரிமையாளரிடம் இசை உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். மூமின் அப்படியல்ல. தூவே யான்சன் மறைந்தது 2001-ல், உருவங்களின் உரிமையைக் குடும்ப நிறுவனம் ஒன்று கவனமாகக் காக்கிறது. சுவரொட்டியில் மூமின் வேண்டுமென்றால் முதலில் எழுதிக் கேளுங்கள். பதில் வர வாரங்கள் ஆகலாம், பிப்ரவரி நிகழ்ச்சிக்கான கடிதம் நவம்பரிலேயே போகட்டும்.