மூலத்துக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது?

மலம் கழிக்கும்போது ரத்தம் வந்தால் உடனே "மூலம்தான்" என்று நாமே முடிவு கட்டி, கடையில் களிம்பு வாங்கித் தடவுவது வேண்டாம். ஆசனவாய் வெடிப்பிலும் ரத்தம் வரும், பெருங்குடல் புற்றுநோயிலும் வரும். முதலில் பொது மருத்துவரிடம் போங்கள். லேசான மூலம் என்றால் நார்ச்சத்து, தண்ணீர், மலத்தை இளக்கும் மருந்து இவற்றிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

சதை வெளியே வந்து கையால் உள்ளே தள்ள வேண்டியிருந்தாலோ, அடிக்கடி ரத்தம் போனாலோ பொது அறுவை மருத்துவர் அல்லது பெருங்குடல்-மலக்குடல் அறுவை நிபுணரைப் பார்க்கலாம். பார்த்ததும் ஆபரேஷன் என்று பயப்படாதீர்கள். மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையம் மாட்டும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது.

மலம் கறுப்பாகப் போவது, எடை குறைவது, மலம் போகும் வழக்கம் மாறுவது, ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இவற்றில் ஏதாவது இருந்தால் குடல்நோய் நிபுணரிடம் போவதே சரி. கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தேவையா என்று அவர் சொல்வார். கர்ப்பிணிகள் முதலில் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆசனவாய் ஓரத்தில் திடீரென்று வலியோடு கட்டி வீங்கினால் தாமதிக்காதீர்கள். ரத்தம் உறைந்த கட்டியாக இருந்தால் முதல் 72 மணி நேரத்துக்குள் அகற்றுவதில்தான் பலன் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.