பவளப்பாறை அலையில் சறுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்

மணல் கரையில் நன்றாகச் சறுக்கப் பழகிவிட்டீர்கள், அடுத்து பாறை அலை என்று ஆசை வந்திருக்கும். வர வேண்டிய ஆசைதான். மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், அலையும் அதோடு மாறும். பாறை நகராது, அதனால் அலை ஏறக்குறைய ஒரே இடத்தில் எழும்பி ஒரே பக்கமாக நீளமாக உடைந்துகொண்டு போகும். பாலித் தீவின் உலுவாத்துவைத் தேடி உலகமெங்கும் இருந்து ஆட்கள் போவது அதற்காகத்தான். ஆனால் விழுந்தால் அடியில் இருப்பது பவளம், அதுவும் சில இடங்களில் முழங்கால் ஆழத்தில்.

போனதும் இறங்காதீர்கள். அரை மணி நேரம் மேலே உட்கார்ந்து பாருங்கள். பெரிய அலைகள் நாலைந்தாகச் சேர்ந்து வரும், அதுதான் செட். ஸ்வெல் என்பது தூரக் கடலிலிருந்து வரும் அலைத்தொடர்; அதில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி 15 நொடிக்கு மேல் என்றால் இரண்டு செட்டுக்கு நடுவே கடல் வெகுநேரம் குளம் போலக் கிடக்கும், இவ்வளவுதானா என்று நினைத்து இறங்கினால் அடுத்த செட் நேராகத் தலையில் வந்து விழும். அலை உடையாமல் தண்ணீர் கருத்துத் தெரிகிற பள்ளம் எங்கே இருக்கிறது, மற்றவர்கள் எங்கே இறங்குகிறார்கள், முக்கியமாக எங்கே ஏறுகிறார்கள் என்று பாருங்கள். ஏறும் வழி தெரியாமல் இறங்கவே கூடாது.

உலுவாத்துவில் இறங்குவதும் ஏறுவதும் பாறைக் குகை வழியாக. நீரோட்டம் குன்றை ஒட்டி, பக்கத்துக் கடற்கரையான படாங் படாங் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதனால் திரும்பும்போது குகையை நேராகக் குறிவைத்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். நீரோட்டம் வரும் பக்கமாக நன்றாகத் தள்ளிப் போய் அங்கிருந்து உள்ளே வர வேண்டும். தவறவிட்டால் எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாதீர்கள், கைகளால் துடுப்பிட்டு வெளியே போய்ச் சுற்றி மறுபடி வாருங்கள். கையில் அந்த அளவு தெம்பு மிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவது நல்லது.

கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் போக வேண்டாம். புதியவர்களுக்குப் பாதி ஏற்றத்துக்கு மேல்தான் சரி, பாறைமேல் தண்ணீர் இருக்கும். அதற்காக முழு ஏற்றத்தில் இறங்கினால் உலுவாத்து குகைக்குள் அலை புகுந்து அடிக்கும், ஏறுவது கஷ்டம். பழக இடம் வேண்டுமென்றால் இலங்கையின் ஹிக்கடுவையில் நவம்பர் முதல் மார்ச் வரை பாறை அலை உண்டு, உலுவாத்துவை விட மென்மையானது.

அப்புறம், விழுவது. இதைத்தான் மணல் கரையிலேயே பழகிவிட்டுப் போக வேண்டும். தலைகீழாகப் பாயவே கூடாது. கால்களை நேராகக் கீழே ஊன்றியும் குதிக்காதீர்கள். கைகால்களை விரித்து, முதுகோ பக்கவாட்டோ தண்ணீரில் படும்படி தட்டையாக விழுங்கள், ஆழம் போக மாட்டீர்கள். விழுந்ததும் இரண்டு கைகளாலும் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள். மேலே வரும்போதும் ஒரு கை தலைக்கு மேலே இருக்கட்டும், போர்டைக் காலோடு கட்டியிருக்கும் கயிறு, அதாவது லீஷ், இழுத்து போர்டு திரும்பி வரும். எழுந்து நிற்கத் தோன்றும், நிற்காதீர்கள். கால் கிழியும், கடல் முள்ளெலி குத்தும், உயிருள்ள பவளமும் உடையும். எவ்வளவு ஆழம் குறைவாக இருந்தாலும் போர்டில் படுத்தே வாருங்கள். அலை நீளம் முழுக்க ஒரேயடியாக உடைந்து மூடப்போகிறது என்று தெரிந்தால் கடைசி வரை பேராசைப்படாமல் அதன் பின்பக்கமாக வெளியேறிவிடுங்கள். ஹெல்மெட் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. லீஷ் பாறையில் மாட்டினால் கண்ணை மூடிக்கொண்டே கழற்றத் தெரிய வேண்டும்.

கீறல் பட்டால் சின்னதென்று விடாதீர்கள். சுத்தமான தண்ணீரும் சோப்பும் போட்டு, வலித்தாலும், பவளத் துணுக்கு போகும்வரை தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள். எலுமிச்சை தேய்க்கச் சொல்வார்கள், எரியும், ஆனால் இந்தக் கழுவலுக்கு ஈடாகாது. டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். புண் மூடும்வரை, அலை எவ்வளவு அழகாக வந்தாலும், கரையிலேயே இருங்கள்.