ரீஃப் தொட்டியில் ஐப்டேசியா: பிய்க்காமல் ஒழிப்பது எப்படி?

பழுப்பாக, உள்ளே தெரிகிற மெல்லிய தண்டு, அதன் உச்சியில் கூர்மையான நீள இழைகள். பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், குச்சியை அருகே கொண்டுபோனால் வெடுக்கென்று உள்ளே போய்விடும். உங்கள் ரீஃப் தொட்டியில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், இப்படி ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் ஐப்டேசியா என்ற அனிமோன்தான், பூ மாதிரி தெரியும் கடல் உயிர். குழாய்க்குள்ளிருந்து இறகு விசிறி மாதிரி விரிந்தால் அது வேறு, சாதுவான புழு, விட்டுவிடுங்கள்.

முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். சுரண்டுவது, பிய்ப்பது, கத்தியால் நறுக்குவது எதுவும் வேண்டாம், ஏனென்றால் பாறையில் ஒட்டியிருக்கும் அடிப்பாகத்தில் துளி மிஞ்சினாலும் அதிலிருந்து புதிதாக ஒன்று முளைக்கும். பாறையை எடுத்து வேகவைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது. அதில் பாலித்தோவா மாதிரியான சோவந்திட் வகைகள் (மென்பவளம் போன்ற உயிர்கள்) இருந்தால் அவற்றின் பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு சேர்ந்து மூச்சில் ஏறும். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வீட்டுத் தொட்டிப் பவளத்திலிருந்து வந்த இந்த நஞ்சால் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது.

சரி, வேலைக்கு வருவோம். சிறிய பவளத் துண்டின் அடிக்கட்டையில் மட்டும் இருந்தால், பவளத்தைக் கழற்றி வேறு கட்டையில் ஒட்டிவிட்டு பழையதைத் தூக்கிப் போடுங்கள். பெரிய பாறையில் இருந்தால் கால்க்வாசர் பசை. இது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பேதான், ஆனால் மீன் தொட்டிக்கென்று விற்கும் சுத்தமான தூளையே வாங்குங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கொஞ்சம் ஆர்ஓ தண்ணீரில் கெட்டித் தயிர் பதத்துக்குக் குழைத்து, முனை மழுங்கிய ஊசி மாட்டிய சிரிஞ்சில் ஏற்றுங்கள்.

எல்லா பம்பையும் நிறுத்துங்கள். தண்ணீர் அசைந்தால் பசை பக்கத்துப் பவளத்தின் மேல் போய் விழும். ஊசியை மெதுவாக, இழைகளில் படாமல் வாய்க்கு நேரே கொண்டுபோய் ஒரு துளி விடுங்கள், பயப்படாவிட்டால் அதுவே இரையென்று விழுங்கிவிடும். அப்புறம் மேலே முழுக்க மூடுகிற அளவு பிதுக்குங்கள். இருபது நிமிடம் கழித்து மிச்சப் பசையை மெல்லிய குழாயால் உறிஞ்சிவிட்டு பம்பைப் போடுங்கள். இந்தப் பசை தண்ணீரின் பிஹெச்-ஐ (அமில-கார அளவை) ஏற்றிவிடும் என்பதால் சின்னத் தொட்டியில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், அளந்து பார்த்து 8.5-ஐத் தொட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

பொடிப் பொடியாகக் கிடப்பவற்றை ஊசியால் துரத்தி மாளாது. அதற்கு பெப்பர்மின்ட் இறால் விடுங்கள். உடம்பு கண்ணாடி போல, சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். கடையில் முதுகு கூனலாக, வெள்ளைப் பட்டையும் புள்ளியுமாக ஒன்றைக் காட்டினால் அது கேமல் இறால், பவளத்தையே கொறிக்கும். பெப்பர்மின்ட்டும் வயிறு நிறைந்திருந்தால் ஐப்டேசியாவைச் சீண்டாது, ஆகவே மீனுக்குப் போடும் தீனியைக் குறையுங்கள், அது ஐப்டேசியா பெருகுவதையும் மட்டுப்படுத்தும். பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தை ஐப்டேசியாவை மட்டுமே தின்னும், அருமையான வேலைக்காரன், ஆனால் பெப்பர்மின்ட் இறாலும் ராஸ் மீன்களும் அதையே தின்றுவிடும் என்பதால் இரண்டில் ஒன்றுதான். காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை மீன் ஆரம்பக்காரர்களுக்கு வேண்டாம், தீனி எடுக்க வைப்பதற்குள் உயிரை வாங்கிவிடும்.

ஒரு வாரம் கழித்து, விளக்கை அணைத்த பிறகு டார்ச் எடுத்து, பாறையின் அடியிலும் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளும், அது போய்ச் சேரும் கீழ்த்தொட்டியான சம்பிலும் தேடுங்கள், முன்பக்கம் சுத்தமாக இருந்தாலும் அங்கே ஒளிந்திருக்கும்.