விழிக்கும்போது உருவம் தெரிகிறதா?

காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில், வளவுத் தூண் ஓரம் யாரோ நிற்பதுபோல் பல விடியற்காலைகளில் எனக்குத் தெரிந்திருக்கிறது. உடம்பு அசையாது, நெஞ்சில் பாரம். ‘அமுக்குவான் பேய்’ என்று அப்பத்தா திருநீறு பூசிவிடுவார்கள். அந்தக் கை பட்டதும் பயம் தணியும், அதைக் குறை சொல்லவே மாட்டேன்.

கனவு வரும் உறக்கத்தில் மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கும். சில சமயம் கண் விழித்த பிறகும் கனவும் தளர்வும் கொஞ்ச நேரம் நீடிக்கும். தூக்கம் சொக்கும்போதும் உருவமோ குரலோ வரலாம். இது பைத்தியம் இல்லை, பலருக்கும் வருவதுதான்.

அப்போது எழப் போராடாதீர்கள். மூச்சை மெதுவாக விட்டு, ஒரு கால்விரலை மட்டும் அசைத்துப் பாருங்கள். அசைந்ததும் விளக்கைப் போடுங்கள். சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எனக்கு அதிகம் உதவியது ஒருக்களித்துப் படுத்ததுதான். மல்லாந்து படுத்தால் இது கூடுதலாக வரும். கல்யாண வீட்டில் கண் விழித்துத் தூக்கம் கெட்டாலும் அப்படியே.

பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது முழங்கால் துவளுவது, நன்றாக விழித்திருக்கையிலேயே உருவம் தெரிவது என்றால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.