செத்த தடைப்பட்டியலும் வராத மெயிலும்

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு தம்பி தான் நிறுவிய போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சேர்வரைக் காட்டினார். கொன்ஃபிக் கோப்பில் ஆறு ஸ்பாம் தடைப்பட்டியல்கள், அதாவது குப்பை மெயில் அனுப்பும் ஐபி முகவரிகளின் பட்டியல்கள். அதில் இரண்டு, அவர் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே மூடப்பட்டவை. எங்கே எடுத்தீர் என்று கேட்டேன். "கூகிளில கிடைச்சது அண்ணை." நானும் அப்படித்தான் எடுத்தேன். இதில் நாங்கள் விடும் பிழைகள் இவை.

மூடிய பட்டியல் சும்மா கிடக்கும் என்று நம்புவது

மெயில் அனுப்பும் ஐபியின் எண்களைத் தலைகீழாக்கி, பட்டியலின் பெயரை ஒட்டி, பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ்ஸில் நம் சேர்வர் கேட்கும். 127.0.0.2 போல ஒரு பதில் வந்தால் அந்த ஐபி பட்டியலில் இருக்கிறது. பதிலே வராவிட்டால் இல்லை. பட்டியலை மூடிய பிறகும் பழைய சேர்வர்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டேயிருக்கும். அந்தத் தொல்லை தாங்காமல், சிலர் எல்லாக் கேள்விக்கும் "இருக்கிறது" என்று பதில் போட்டுவிடுவார்கள். 2006 இல் மூடிய ஓஆர்டிபி (ORDB) என்ற பட்டியல், 2008 மார்ச்சில் இதைத்தான் செய்தது.

என் தலையில் விழுந்தது ஒரு தை மாதத்தில். ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சின்ன அலுவலகம். மூன்று நாளாக வெளியிலிருந்து ஒரு மெயிலும் இல்லை. "பொங்கல்தானே, எல்லாரும் லீவு" என்று முதலாளிக்கு நானே சமாதானம் சொன்னேன். ரொறன்ரோவில் பொங்கலுக்கு ஏது லீவு? நாலாம் நாள் அங்கிருந்து அவருடைய தமையனின் போன்: "உங்களுக்குப் போடுற மெயில் எல்லாம் திரும்பி வருது, என்ன நடக்குது அங்க?" லொக்கைத் திறந்தால் 554, 554, 554 (மெயிலை மறுத்ததற்கான குறி). வரிக்கு வரி அதே பட்டியலின் பெயர். அழிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. ஆனால் மறுத்த மெயில் நம்மிடம் இருக்காதே. லொக்கிலிருந்து முகவரிகளைப் பொறுக்கி, திரும்ப அனுப்பச் சொல்லி ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். பட்டியலை மூடியவர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

சோதிக்காமல் விடுவது

உயிரோடிருக்கும் ஐபி பட்டியலில், சோதனைக்கென்றே 127.0.0.2 என்ற ஐபி இருக்க வேண்டும், 127.0.0.1 இருக்கக்கூடாது. இரண்டையும் வாரம் ஒருமுறை கேட்டுப் பார்க்க குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரொனில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். முதலாவது வராவிட்டாலோ இரண்டாவது வந்தாலோ, அந்த வரியைத் தூக்குங்கள்.

எந்தப் பதில் வந்தாலும் மறுப்பது

2021 ஜனவரிக் கடைசியில் ஸ்பாம்கொப் என்ற தடைப்பட்டியலின் டொமைன் காலாவதியானது. எதைக் கேட்டாலும் சம்பந்தமில்லாத ஒரு ஐபி பதிலாக வந்தது. பட்டியல் பெயருக்குப் பின்னால் "=127.0.0.2" என்று போட்டு, அந்தப் பதிலுக்கு மட்டும் மறுக்கச் சொல்லியிருந்தவர்கள் தப்பினார்கள்.

8.8.8.8 வழியாக ஸ்பாம்ஹவுஸைக் கேட்பது

வேண்டாம். 8.8.8.8 என்பது கூகிளின் பொது ரிசோல்வர், அதாவது நமக்காக டிஎன்எஸ்ஸில் கேட்டுச் சொல்வது; அப்படிப் பொது ரிசோல்வர் வழியாக வரும் கேள்விகளுக்கு ஸ்பாம்ஹவுஸ் தடைப்பட்டியல் சரியான பதில் தராது. சொந்த ரிசோல்வர் வையுங்கள்.

ஒரே பட்டியலின் சொல்லை நம்பி மறுப்பது

போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்ஸ்கிரீனில் புள்ளி முறை இருக்கிறது: பல பட்டியல்களின் புள்ளிகளைக் கூட்டி, எல்லையைத் தொட்டால் மட்டும் மறுக்கலாம்.

சரி, அந்தத் தம்பியின் சேர்வரில் இரண்டு வரியை அழித்துவிட்டு வந்தேன். மற்ற நாலையும் அவரே சோதிக்கட்டும்.